பத்தும் விழுந்தன, கட்டம் ஏன் காலி? பவுலிங் கணக்கை மாற்றுவதா வேண்டாமா

என் அக்கா மகளுக்கு 11 வயது. சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டம் நடக்கும் கூடத்துக்கு அவளையும் அவள் தம்பியையும் முதல்முறையாக அழைத்துப்போயிருந்தேன். மூன்றாவது ஃபிரேமில், அதாவது மூன்றாவது சுற்றில், எப்படியோ பத்துக் கட்டைகளையும் ஒரே பந்தில் சாய்த்துவிட்டாள். துள்ளிக் குதித்துத் திரும்பி, மேலே தொங்கும் திரையைப் பார்த்தாள். அங்கே ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதற்குக் கீழே எண் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்து ஆடிய தம்பி இரண்டு பந்திலும் சேர்த்து நான்கைத்தான் தள்ளினான். அவன் கணக்கில் உடனே நான்கு ஏறிவிட்டது.

“மாமா, பத்தும் விழுந்துவிட்டதே, எனக்கு மட்டும் ஏன் காலியாக இருக்கிறது?”

பவுலிங் ஆட்டத்தின் கணக்கை மாற்ற வேண்டும் என்று உலகெங்கும் பல ஆண்டுகளாகக் குரல் கொடுப்பவர்களின் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

ஒரு சின்ன முன்குறிப்பு. ‘பின்’ என்று சொல்லப்படும், 15 அங்குல உயரமுள்ள அந்த மேப்பிள் மரத் துண்டுகளை நான் ‘கட்டை’ என்றே எழுதுகிறேன். ‘ஒன்பது பின் விழுந்தது’ என்று எழுதினால், ஒன்பதுக்குப் பின் என்ன விழுந்தது என்று வாசிப்பவர் தேட ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு இது வெறும் வாதமாக இல்லாமல் வேலையாகவே வந்து சேர்ந்தது. சனிக்கிழமைகளில் ஆடும் எங்கள் குழுவில் 20 பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டுப் போட்டியின் இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஏழாவது ஃபிரேமிலேயே பாதிப் பேர் எழுந்து பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டார்கள். யார் முன்னணியில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த இரண்டு பேருக்கோ முடிவும் தெரிந்துபோயிருந்தது. இந்த ஆண்டு விதியை நீயே தீர்மானித்துவிடு என்று என் தலையில் கட்டினார்கள். கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததன் விளைவு இது.

முதலில் இப்போதைய விதி. ஓர் ஆட்டத்துக்கு 10 ஃபிரேம்; ஒவ்வொரு ஃபிரேமிலும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க இரண்டு பந்துகள். இரண்டு பந்திலும் பத்து தீராவிட்டால், விழுந்தவை எத்தனையோ அத்தனை புள்ளி. இரண்டாவது பந்தில் பத்தும் தீர்ந்தால் அது ஸ்பேர்: 10 புள்ளி, அதோடு அடுத்த ஒரு பந்தில் விழுவதும் சேரும். முதல் பந்திலேயே தீர்ந்துவிட்டால் ஸ்ட்ரைக்: 10 புள்ளி, அதோடு அடுத்த இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். பத்தாவது ஃபிரேமில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ வந்தால், இந்தப் பாக்கியைத் தீர்க்கக் கூடுதல் பந்து கொடுப்பார்கள். தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் அடித்தால் 300. அதற்குமேல் கிடையாது.

கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. சிவப்புக் காயைக் குழியில் போட்டவுடனே அது நம்முடையதாகிவிடுவதில்லை. ‘ஃபாலோ’ போட வேண்டும். ஃபாலோ விழும்வரை சிவப்பு அந்தரத்தில் இருக்கிறது. ஸ்ட்ரைக்கும் அப்படித்தான். அக்கா மகளின் காலிக் கட்டம், ஃபாலோவுக்காகக் காத்திருந்த சிவப்புக் காய்.

இந்த அந்தரத்தை ஒழித்துவிடலாம் என்பதுதான் முதல் மாற்று. 2010களில் பவுலிங்கின் உலக அமைப்பு இதைக் கையிலெடுத்தது. அந்தந்த ஃபிரேமின் கணக்கை அந்தந்த ஃபிரேமிலேயே முடித்துவிடும் முறை இது: ஸ்ட்ரைக் அடித்தால் அடுத்து என்ன விழுந்தாலும் 30 புள்ளி. ஸ்பேர் என்றால் 10, அதோடு அதே ஃபிரேமின் முதல் பந்தில் விழுந்தவை. மற்றபடி விழுந்தது விழுந்தபடி. கூடுதல் பந்து கிடையாது. பத்து ஸ்ட்ரைக்குக்கு 300.

அந்த அமைப்பு ஏன் இதை விரும்பியது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பவுலிங் 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக மட்டும் இடம்பெற்றது. பதக்கப் பட்டியலுக்குள் நுழையவே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்காக 2015இல் எட்டு விளையாட்டுகளைக் கொண்ட குறும்பட்டியல் வந்தபோது அதில் பவுலிங்கும் இருந்தது. கடைசியில் பேஸ்பால்-சாப்ட்பால், கராத்தே, ஸ்கேட்போர்டிங், மலையேற்றச் சுவர், அலைச்சறுக்கு ஆகிய ஐந்தும் உள்ளே போயின. பவுலிங் வாசலிலேயே நின்றுவிட்டது. 1978இல் பாங்காக்கில் அறிமுகமாகிப் பல ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பிடித்த இந்த ஆட்டம், ஹாங்சோவில் நடந்த போட்டியில் இல்லை. தொலைக்காட்சியில் முதல்முறை பார்ப்பவருக்கும் புரியும்படி இருந்தால் கதவு திறக்குமோ என்ற ஆசை இயல்பானதுதான்.

ஆனால் புரிவதும் விறுவிறுப்பும் ஒன்றா? ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

கோமதி நிதானி. முதல் ஃபிரேமில் ஸ்ட்ரைக். இரண்டாவதில் முதல் பந்துக்கு 9, மீதமிருக்கும் ஒன்றை இரண்டாவது பந்தில் எடுத்து ஸ்பேர். மறுபடி ஸ்ட்ரைக், மறுபடி ஸ்பேர். கடைசிவரை இப்படியே. பாண்டியன் நேரெதிர். முதல் ஆறு ஃபிரேமும் ஸ்ட்ரைக். அப்புறம் கை நடுங்கிவிடுகிறது: ஏழிலிருந்து பத்துவரை நான்கு ஃபிரேமிலும் முதல் பந்தில் 9, இரண்டாவது பந்து ஒன்றையும் தொடாமல் போகிறது.

பழைய கணக்கில் கோமதிக்கு ஃபிரேமுக்கு 20 வீதம் 200. (ஸ்ட்ரைக்கும் ஸ்பேரும் மாறிமாறி வந்து 200இல் நிற்பதற்கு ‘டச்சு 200’ என்று அமெரிக்க ஆட்டக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்.) பாண்டியனுக்கு முதல் நான்கு ஸ்ட்ரைக்குக்கு 30 வீதம் 120, ஐந்தாவதுக்கு 29, ஆறாவதுக்கு 19, கடைசி நான்குக்கு 36. மொத்தம் 204. பாண்டியன் வென்றான்.

புதிய கணக்கில் கோமதிக்கு ஐந்து ஸ்ட்ரைக்குக்கு 150, ஐந்து ஸ்பேருக்கு 19 வீதம் 95. மொத்தம் 245. பாண்டியனுக்கு ஆறு ஸ்ட்ரைக்குக்கு 180, மற்றவை 36. மொத்தம் 216. கோமதி 29 புள்ளியில் வென்றாள்.

அதே பந்துகள், அதே கட்டைகள், வேறு வெற்றியாளர். நியாயம் யார் பக்கம் என்று கேட்டால், என் மனம் கோமதி பக்கமே சாய்கிறது. பத்து ஃபிரேமில் ஒன்றைக்கூட அவள் கோட்டைவிடவில்லை. கடைசி நான்கையும் தவறவிட்டவன் கோப்பையை வாங்கிப்போவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆக, நியாயத்தின் பேரில் புதிய முறையை ஆதரிப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் பத்தாவது ஃபிரேமைப் பாருங்கள். பாண்டியன் முதலில் ஆடி முடித்துவிட்டான். கோமதி பந்தைக் கையில் எடுக்கிறாள். பழைய கணக்கில் பாண்டியன் 204இல் உட்கார்ந்திருக்கிறான். கோமதிக்கு எட்டாவது ஃபிரேம்வரை 160 தீர்ந்திருக்கிறது. ஒன்பதாவதில் அடித்த ஸ்ட்ரைக் அந்தரத்தில். இப்போது அவளுக்கு ஸ்பேர் போதாது. ஸ்பேர் அடித்துக் கூடுதல் பந்தில் பத்தையும் தள்ளினாலும் 200தான். முதல் பந்தில் ஸ்ட்ரைக் விழுந்தே ஆக வேண்டும். விழுந்துவிட்டால் வழி அகலமாகத் திறந்துவிடும், அடுத்த பந்தில் எட்டு விழுந்தால் போதும், கோப்பை அவளுடையது. 60 அடி தூரம் பந்து உருண்டு போகிறது. ஒன்பது கட்டைகள் சரிகின்றன. வலது மூலையில் பத்தாவது கட்டை ஆடுகிறது, ஆடுகிறது, நின்றுவிடுகிறது. ஆட்டம் அந்த நொடியில் முடிந்தது. பஜ்ஜிக்குப் போன யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதிய கணக்கில் அதே நொடி எப்படி இருக்கிறது? ஒன்பது ஃபிரேம் முடிந்தபோது கோமதி 226, பாண்டியன் 207. பத்தாவதில் பாண்டியன் 9 எடுத்து 216இல் நின்றுவிட்டான். கோமதி பந்தைத் தொடவே தேவையில்லை. கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பழைய கணக்கின் வலிமை இங்கேதான் இருக்கிறது. இன்னொரு நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள்: எட்டிலும் ஒன்பதிலும் ஒருவர் ஸ்ட்ரைக் அடித்துவிட்டுப் பத்தாவதுக்கு வருகிறார். அவருடைய அடுத்த பந்து எட்டாவது ஃபிரேமுக்கும் சேர்கிறது, ஒன்பதுக்கும் சேர்கிறது, பத்துக்கும் சேர்கிறது. ஒரு கட்டைக்கு மூன்று புள்ளி. அதற்கடுத்த பந்தில் கட்டைக்கு இரண்டு. கடைசிப் பந்தில் ஒன்று. மூன்று பந்தில் 60 புள்ளி பணயத்தில் இருக்கிறது. முதல் பந்தில் 9 மட்டும் விழுந்து, அடுத்ததில் ஸ்பேராக்கி, கடைசிப் பந்தில் பத்தும் விழுந்தால் கிடைப்பது 39. ஒரே ஒரு கட்டை நின்றுபோனதற்கு 21 புள்ளி தண்டம். புதிய கணக்கில் அதே தவறின் விலை 30க்கும் 19க்கும் உள்ள 11 மட்டும். அடுத்தடுத்து அடித்த ஸ்ட்ரைக்குகளுக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்தவற்றுக்கும் அது வித்தியாசமே பார்ப்பதில்லை. நெருக்கடியில் வட்டி ஏறுகிறது என்பதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. வட்டியை ஒழித்தால் கணக்கு எளிதாகும். நெஞ்சு படபடப்பதும் நின்றுவிடும்.

புதிய முறையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இரண்டு பின்மூலைகளிலும் ஒவ்வொரு கட்டை நின்றுகொண்டு நடுவில் எட்டும் காலியாகிவிடுவதை 7-10 ஸ்பிளிட் என்பார்கள். ஒன்றை அடித்து அது தெறித்துப்போய் எதிர்மூலையில் இருப்பதைச் சாய்த்தால்தான் ஸ்பேர். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் தொலைக்காட்சி ஒளிபரப்பில் 1980இல் மார்க் ராத் அதை முதன்முதலாகச் சாதித்தார், 1991இல் இருவர், அதன் பிறகு 30 ஆண்டு இடைவெளியில் 2021இல் ஆன்டனி நியூவர். இவ்வளவு அரிய அந்த அடிக்குப் புதிய கணக்கு தரும் விலை 18: பத்து, அதோடு முதல் பந்தின் எட்டு. குழந்தைகூட எடுத்துவிடக்கூடிய, நட்டநடுவில் தனியாக நிற்கும் ஒரு கட்டையை எடுத்தால் 19!

அப்படியானால் கடினமான ஸ்பிளிட்டை எடுப்பவருக்குத் தனிப் பரிசு கொடுக்கலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் பெரிய ஸ்பிளிட் பெரும்பாலும் முதல் பந்து முன்னால் தனியாக நிற்கும் முதல் கட்டையில் முகத்துக்கு நேராக மோதியதால் வருவது. முதல் தவறைச் செய்தவருக்குத்தான் அந்தப் பரிசுச் சீட்டு கிடைக்கும். ஒழுங்காக ஆடியவருக்கு அந்த வாய்ப்பே வராது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

அமெரிக்கக் கேளிக்கைப் போட்டிகளில் புழங்கும் இன்னொரு விதி, முதல் பந்தில் ஒன்பது விழுந்தாலே ஸ்ட்ரைக் என்று எடுத்துக்கொள்வது. பிறந்தநாள் விருந்துக்கு நல்லது. போட்டிக்கு, சர்க்கரை கூடிப்போன பாயசம்.

கட்டைகளுக்கே வேறுவேறு விலை வைத்தால்? கனடாவில் இது நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. டொரண்டோவில் கூடம் நடத்திவந்த தாமஸ் ரயன், கனமான பந்து வாடிக்கையாளர்களின் கையை வருத்துகிறது என்பதால், 1909 வாக்கில் உள்ளங்கையில் அடங்கும் சிறிய பந்தும் ஐந்தே கட்டைகளும் கொண்ட ஆட்டத்தை உருவாக்கினார். நடுக்கட்டைக்கு 5, அதன் இருபுறமும் 3, ஓரங்களில் 2 என்பது இன்றைய கணக்கு. ஃபிரேமுக்கு மூன்று பந்து, உச்சம் 450. எதை அடிக்கிறோம் என்பதற்கு விலை இருப்பதால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு யோசனை தேவைப்படுகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் ஆடும் கேண்டில்பின் இன்னும் கடுமை. மெழுகுவத்தி போன்ற ஒல்லிக் கட்டைகள். விழுந்தவற்றை அகற்றாமல் அப்படியே விட்டுவிடுவார்கள், அடுத்த பந்து அவற்றின் மேல் மோதித் திசைமாறும். அங்கே இதுவரை யாரும் 300 எடுத்ததில்லை. 245தான் உச்சம், அதையும் இருவர்தான் தொட்டிருக்கிறார்கள். எட்ட முடியாத உச்சி இருக்கும் ஆட்டத்துக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. ஆனால் இவை தனித்தனி ஆட்டங்கள்; கட்டையும் பந்தும் வேறு. சென்னையில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் தடத்தில் அவற்றைக் கொண்டுவர முடியாது.

எட்ட முடியாத உச்சி என்றதும் எண்ணெய் நினைவுக்கு வருகிறது. பத்துக்கட்டை ஆட்டத்தில் தடத்தின் முற்பகுதிக்கு எண்ணெய் பூசுவார்கள். பொதுமக்கள் ஆடும் கூடங்களில் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவது வழக்கம். பந்து கொஞ்சம் விலகிப்போனாலும் ஓரத்து வறட்சி அதைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். நடுவில் வழுவழுப்பில் போனாலும் நேராகப் போய்ச் சேரும். 1990களின் தொடக்கத்தில், தடத்தை இறுகப் பற்றித் திரும்பும் ரியாக்டிவ் ரெசின் பந்துகளும் வந்தன. அமெரிக்காவில் 1968-69 பருவத்தில் அங்கீகாரம் பெற்ற 300கள் ஆயிரத்துக்கும் குறைவு. 1998-99 பருவத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல். கணக்கு விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கலிபோர்னியாவில் 1982 ஜூலை 1 அன்று கிளென் ஆலிசன் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் 300 எடுத்து 900 குவித்தபோது, தடத்தில் எண்ணெய் விதிப்படி பூசப்படவில்லை என்று சொல்லி அமெரிக்க அமைப்பு அதை ஏற்க மறுத்துவிட்டது. அந்த வழக்கைப் பற்றிப் பேசினால் இன்றும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. அதனால் ஆட்டம் சப்பென்று போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் புள்ளிக் கணக்கைப் பழிப்பதற்கு முன் தரையைக் குனிந்து பார்ப்பது நல்லது. எண்ணெய் பூசும் முறையை மாற்றுவதற்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை. கூடத்து மேலாளரிடம் கேட்டேன், சிரித்தார்.

இனி இரண்டு வழிகள்தான் எங்களுக்கு மிஞ்சின. இரண்டுமே புள்ளிக் கணக்கைவிட வெற்றியை முடிவுசெய்யும் முறையில் கை வைப்பவை.

ஒன்று, ஃபிரேமுக்கு ஃபிரேம் மோதுவது. கோல்ஃபில் குழிக்குக் குழி வெல்வதுபோல. ஒரு ஃபிரேமில் யார் கூடுதலாக எடுத்தாரோ அவருக்கு ஒரு புள்ளி. சமமானால் யாருக்கும் இல்லை. கோமதி, பாண்டியன் ஆட்டத்தையே இதில் போட்டுப்பாருங்கள்: ஒன்று, மூன்று, ஐந்தாவது ஃபிரேம்கள் சமம், இரண்டு, நான்கு, ஆறு பாண்டியனுக்கு, ஏழு, எட்டு, ஒன்பது கோமதிக்கு. மூன்றுக்கு மூன்று என்று பத்தாவதுக்கு வருகிறார்கள்! பார்க்க வந்தவர் எந்த நொடியில் உள்ளே நுழைந்தாலும் ‘மூன்றுக்கு மூன்று’ என்று ஒரே வார்த்தையில் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் ஒரு ஃபிரேமைக் கோட்டைவிட்டவர் முழு ஆட்டத்தையும் இழந்துவிடுவதில்லை. புதிதாக ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல விதி இல்லை என்றே சொல்வேன்.

குறை எங்கே வருகிறது என்றால், ஆட்டக்காரர்கள் தேர்ந்தவர்களாகும்போது. இருவரும் பத்தில் ஆறு ஃபிரேமில் ஸ்ட்ரைக் அடிப்பவர்கள் என்று வைத்துக்கொண்டால், நூற்றில் 36 ஃபிரேம்களில் இருவரும் ஸ்ட்ரைக் அடித்துச் சமமாகிவிடும். இருவரும் ஒரேபோல ஸ்பேர் எடுப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். மிகச் சிறந்த ஆட்டம் நடக்கும்போது புள்ளிப்பலகை அசையாமல் நிற்கும். சமமான ஃபிரேமின் புள்ளியை அடுத்ததன் தலையில் ஏற்றிவிடலாம். அப்போது ஐந்தாவது முறையாகச் சமமான பிறகு வரும் ஃபிரேம் ஆறு புள்ளி பெறும், கூட்டம் எழுந்து நிற்கும். ஆனால் அந்த ஆறு புள்ளியும் யாரோ ஒருவருடைய கடைசிக் கட்டை தள்ளாடி விழுந்ததில் போய்விடும். சூதாட்டத்துக்கும் இதற்கும் நடுவே இருக்கும் சுவர் மெல்லியது. ஒரு மாலைப்பொழுதுக்குச் சரி. ஆண்டுக் கோப்பைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

மற்றது பேக்கர் முறை. அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் நிர்வாகியாக இருந்த பிராங்க் பேக்கரின் பெயரால் வழங்குவது. ஓர் அணியில் ஐந்து பேர். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஓர் ஆட்டத்தை ஆடுவார்கள். முதலாமவர் 1, 6 ஆகிய ஃபிரேம்கள். இரண்டாமவர் 2, 7. அப்படியே போய் ஐந்தாமவர் 5, 10. கணக்கு அதே பழைய கணக்கு. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் பவுலிங்கில் ஏழு பேக்கர் ஆட்டங்களில் நான்கை வெல்பவருக்கு வெற்றி என்ற வழக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 2013இல் தொடங்கிய தொழில்முறை லீக்கும் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

முதலில் படித்தபோது எனக்கு இதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் ஆடிப்பார்த்தோம். அப்போதுதான் விளங்கியது. நான் நான்காவது இடம். ஸ்ட்ரைக் அடித்துவிட்டுத் திரும்பினேன், கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பப்போவது நான் இல்லை, எனக்கடுத்து நிற்கும் ஐந்தாமவர். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமல் அவர் பின்னால் போய் நின்றேன். அவர் பந்தை விட்டதும் என் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது, பந்து சாய்ந்துவிடும் என்பதுபோல. எட்டு விழுந்தது. அவர் திரும்பி, “மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்றார். தனியாள் ஆட்டத்தில் ஒருவர் தன் பாக்கியைத் தானே தீர்த்துக்கொள்கிறார். இங்கே என் சிவப்புக் காய்க்கு இன்னொருவர் ஃபாலோ போட வேண்டியிருக்கிறது. காலிக் கட்டம் குறையாக இருந்தது போய், அணியை ஒன்றாகக் கட்டும் கயிறாகிவிட்டது. பஜ்ஜிக்கு அன்று யாரும் போகவில்லை.

இன்னொன்று, ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. ஏழில் நான்கு என்று வைத்தால், ஒரு மாலையில் நான்கிலிருந்து ஏழு முடிவுகள். ஒன்றில் படுதோல்வி அடைந்தாலும் அடுத்தது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மேசைப் பந்தாட்டத்தில் 2001இல் 21 புள்ளியை 11ஆகக் குறைத்தபோதும் நடந்தது இதுதான். பந்தை அடிக்கும் விதத்தில் யாரும் கை வைக்கவில்லை, முடிவு வரும் இடங்களை அடர்த்தியாக்கினார்கள்.

பேக்கர் முறைக்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. காசு கொடுத்து வந்தவருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டே ஃபிரேம்தான். எங்கள் குழுவில் மணிக்கணக்கில் வாடகை என்பதால், “நான் பெஞ்சில் உட்காரவா பணம் கட்டினேன்” என்ற குரல் வந்தது. அது நியாயமான குரல். அணியில் ஒருவர் மிகவும் பலவீனமாக இருந்தால் அவர்மேல் எல்லார் பார்வையும் விழும் சங்கடமும் இருக்கிறது. தனிநபர் கோப்பை வேண்டும் என்பவர்களுக்கு இது பதிலே ஆகாது.

புரியவில்லை என்ற பழைய புகாருக்கு வருகிறேன். ஒரு காலத்தில் ஆடுபவர்கள் பென்சிலால் தாங்களே கணக்கு எழுதினார்கள். எழுதிய எல்லாருக்கும் விதி தெரிந்திருந்தது. இயந்திரம் கூட்டிக்கொடுக்க ஆரம்பித்ததும் கணக்கு நம் கையை விட்டுப்போயிற்று. திரை ‘இதுவரை’ எவ்வளவு என்று மட்டும் காட்டுகிறது. கிரிக்கெட்டில் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் சூத்திரம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் மேகம் கருத்தவுடன் ‘இப்போது மழை வந்தால் இத்தனை ரன் வேண்டும்’ என்ற எண்ணைத் திரையில் போட்டுவிடுவதால், தெருமுனை டீக்கடைவரை எல்லாரும் வானத்தையும் எண்ணையும் மாறிமாறிப் பார்க்கிறார்கள். பவுலிங்குக்கும் ஓர் எண் போதும்: இனி எல்லாம் ஸ்ட்ரைக் விழுந்தால் இவர் எதுவரை போக முடியும். பத்தாவது ஃபிரேமுக்கு முன் பாண்டியன் பெயருக்கு எதிரே 204, கோமதி பெயருக்கு எதிரே ‘220வரை’ என்று எழுதியிருந்தால் போதும், அவள் ஏன் பந்தை அவ்வளவு நேரம் துடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆக நான் குழுவிடம் வைத்தது இது. கோப்பைக்கு நான்கு அணிகள், பேக்கர் முறை, பழைய கணக்கு, ஏழில் நான்கு. தடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை; ‘இன்னும் எதுவரை’ என்பதை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் எழுதுவது. பெஞ்சு புகாருக்குப் பதிலாக, அணி ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எல்லாரும் இருவர் இருவராக, ஃபிரேமுக்கு ஃபிரேம் மோதிக்கொள்ளலாம். தோற்றவர் பஜ்ஜி வாங்கித்தர வேண்டும். சிறுவர்களுக்கு மட்டும் 30, ஸ்பேர், விழுந்தது விழுந்தபடி என்ற புதிய கணக்கு. மனத்திலேயே கூட்டிவிடலாம், தம்பி அக்காவை ஏமாற்ற முடியாது. உலக அமைப்பு எதை எடுத்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ஒலிம்பிக் கதவுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு எங்களைவிட அவசரம் அதிகம்.

20 பேரில் 17 பேர் கை தூக்கினார்கள். பலகையில் எழுதும் வேலையை அக்கா மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு வாரமாக நோட்டுப் புத்தகத்தில் பழகிக்கொண்டிருக்கிறாள், என்னைவிட வேகமாகக் கூட்டுகிறாள். இப்போது மிச்சமிருக்கும் தகராறு ஒன்றே ஒன்று: ஐந்தாவது இடம், அதாவது பத்தாவது ஃபிரேமை ஆட வேண்டியவர் யார் என்பது. மூன்று அணிகளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் அணியில் ஐந்து பேரும் முதல் இடத்தையே கேட்கிறோம்.